குடும்பஸ்தருக்கு இசைப் படிப்பு இல்லையா?

கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சில வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. பேச்சை எடுப்பவர் மாணவப் பருவத்தைத் தாண்டிப் பல வருடம் ஆனவர். ராசிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பகுதிநேரப் பாட்டு டீச்சராக இருப்பார். திருச்செங்கோட்டில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். பகலில் வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருவார். இசையில் பட்டமோ பட்டயமோ பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே வாங்கியவர். இப்போது எம்.ஏ. சேர வேண்டும் என்கிறார். வீட்டிலோ வீட்டுக் கடன் தவணை, மகளிர் குழுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை. "இந்த வயசுல பாட்டுப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருவர் கேட்கிறார். "பாட்டு சோறு போடுமா?" என்று இன்னொருவர் முடித்துவைக்கிறார்.

இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் எப்போதும் ஆசைப்பட்டவரே நிற்கிறார். பொறுப்பில்லாதவர், சுயநலக்காரர், வயதுக்கேற்ற புத்தி வராதவர் என்ற பெயர் அவருக்குத்தான். நாம் இந்த வழக்கைத் திரும்ப விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறோம். கூண்டில் நிற்க வேண்டியவர்கள் வேறு சிலர். ஆசைப்பட்டவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு.

முதலில் நிலவரம். தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, கோவை, மதுரை, திருவையாறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி இன்று டாக்டர் ஜெ. ஜெயலலிதா பெயரில் இயங்கும் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத் துறை இருக்கிறது. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் அரசு இசைக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. இருப்பதில் சேலத்துக்கு அருகிலிருப்பது கோவைக் கல்லூரி. அதுவும் நகரத்துக்குத் தெற்கே மலுமிச்சம்பட்டியில். சேலத்திலிருந்து 160 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் போய் இரவில் வீடு திரும்பும் தூரம் அல்ல. வகுப்புகளோ வேலை நாளின் பகலில்.

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் பதினேழு. சேலத்துக்கு ஒன்று உண்டு, நாமக்கல்லுக்குக் கிடையாது. அந்தப் பள்ளிகளின் மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பில் சேர வயது 12 முதல் 25 வரை. மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. ஏழைப் பிள்ளைகள் நாதசுரமும் தவிலும் தேவாரமும் கற்க வழி செய்த நல்ல ஏற்பாடு. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இருபத்தாறு வயதில் கல்யாணமாகி, கையில் ஒரு வேலையும் நெஞ்சில் பாட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் அடைத்துவிடுகிறது. முதல் படிக்கே இந்த வயது வரம்பு என்றால் முதுகலையைக் கனவு காண்பவர் எங்கே போவார்?

இசையில் பின்தங்கிய வறண்ட பூமி இது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் தொடக்க காலத்தில் பாடம் கேட்ட ஆசிரியர்களில் ஒருவர் நாமக்கல் நரசிம்ம ஐயங்கார். கச்சேரிக்கு இன்றுள்ள வடிவத்தை வகுத்துத் தந்தவர் என்று இசையுலகம் அரியக்குடியைக் கொண்டாடுகிறது. அந்த வழியில் நாமக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், முழுநீள முதல் தமிழ் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை 1956இல் இங்கிருந்துதான் அனுப்பியது. ஜி. ராமநாதன் போன்ற இசையமைப்பாளர்கள் அந்த நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்தார்கள். கோயில் நோன்பிகளில் பம்பையும் உடுக்கையும் பெரியமேளமும் இன்றும் ஓயவில்லை. அண்ணன்மார் கதையை இரவெல்லாம் பாடி நிறுத்தும் உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். இசையும் இசைக்காரரும் இருக்கும் ஊரில் இசையை மேலே படிக்க இடம் மட்டும் இல்லை.

அடுத்தது காசு. இதில் மழுப்பாமல் பேச வேண்டும்.

அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவுதான். குடும்பஸ்தரை முறிக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர் இரண்டு வருடப் படிப்புக்காக வேலையை விட்டால் 3,60,000 ரூபாய் வராமல் போகிறது. வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு தனி. பட்டம் வாங்கிய பிறகு மாதம் 2,000 ரூபாய் கூடக் கிடைத்தாலும் விட்ட சம்பளத்தை மட்டும் மீட்க 180 மாதம் ஆகும், பதினைந்து வருடம். அதற்குள் மூத்த பிள்ளை கல்லூரியை முடித்திருக்கும்.

கூடுதலாகக் கிடைக்கும் என்ற அந்த 2,000 ரூபாய்க்கும் உறுதி கிடையாது. அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை முதலிய பாடங்களுக்கு. வாரம் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021இல் 10,000 ஆகி, 2024இல் 12,500 ஆனது. பன்னிரண்டு வருட உழைப்புக்குக் கிடைத்த உயர்வு இவ்வளவு. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது அவர்களுடைய நெடுநாள் மனக்குறை. நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடுவதும், கைதாகி மண்டபத்தில் அடைபட்டு மாலையில் வெளியே வருவதும் செய்தித்தாளில் ஆண்டுக்கொரு முறையாவது வருகிறது. முறையான பணியிடங்களைப் பார்த்தால், 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த சிறப்பாசிரியர் இடங்கள் 1,325. அதில் இசைக்கு 86. தமிழ்நாடு முழுவதற்கும் எண்பத்தாறு.

ஆகவே, கடன் வாங்கியாவது படித்துவிடுங்கள், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் தன்னம்பிக்கை பேசுபவரைப் போல் நாம் சொல்ல மாட்டோம். சொல்லக் கூடாத ஊர் இது. பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றார்கள் என்ற செய்தி 2025 ஜூலையில்தான் நாட்டையே உலுக்கியது. அரசு விசாரணை நடந்தது, மருத்துவமனைகள் மீது நடவடிக்கை வந்தது. தறி ஓட்டுபவரானாலும் தம்பூரா மீட்டுபவரானாலும் இந்தச் சமவெளியில் கடன் ஒரே முகத்தோடுதான் வீட்டு வாசலுக்கு வருகிறது. வாரத் தவணை தவறினால் குழுவில் இருக்கும் பத்துப் பெண்கள் முன்னால் தலை குனிய வேண்டும். வட்டிக்காரர் வாசலில் வந்து உட்காருவார். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் மாநில அரசு ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

வங்கிக் கல்விக் கடனும் குடும்பஸ்தரை நினைத்து வகுக்கப்படவில்லை. ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் தரலாம் என்பது விதி. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கட்டணம், விடுதி, புத்தகம், கணினி ஆகியவற்றுக்குக் கடன் கிடைக்கும். வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய தவணைக்கும் கிடைக்காது. அப்பா கூட்டுக் கையெழுத்துப் போட, பிள்ளை படிக்க என்று இருபது வயதுக்காரரை மனத்தில் வைத்து எழுதிய திட்டம் அது. நாற்பது வயதில் மனு கொடுப்பவருக்கு அப்பாவின் இடத்தில் மனைவியோ கணவரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து வெறும் மை அல்ல. ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடச் சாப்பாடு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்போம். குடும்பம் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வயதான பெற்றோரைக் கையில் வைத்திருப்பவர் தன் நேரத்துக்குத் தான் மட்டும் எஜமானர் அல்ல. அவர் படிக்கப் போனால் அந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண். படிக்க ஆசைப்படுபவரே பெண்ணாக இருந்தால் கதை இன்னும் கடினம். கல்யாணத்துக்கு முன் கற்ற வீணையைத் துணி போட்டு மூடி அலமாரி மேல் வைத்தவர், பிள்ளைகள் வளர்ந்ததும் அதைக் கீழே இறக்க நினைத்தால், சமையலை யார் பார்ப்பது என்பதே முதல் கேள்வியாக வருகிறது.

ஆனால் இதே குடும்பங்கள், இதே ஊர், படிப்புக்கென்று எதை எதைச் செலவழித்தன என்று நாம் கேட்க வேண்டும். மதிப்பெண் வாங்கிக் கொடுக்கும் உறைவிடப் பள்ளிகளுக்கு நாமக்கல் தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டினார்கள், நகையை வைத்தார்கள், நிலத்தை விற்றார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியதால்தான், 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க அரசு முடிவெடுத்தது. அந்தச் செலவில் எத்தனை பிள்ளைகள் நினைத்த கல்லூரியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடனோடு திரும்பினார்கள் என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்காகச் செலவழித்துத் தோற்றால் அது தியாகம். அம்மாவோ அப்பாவோ தனக்காக அதில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டால் அது ஊதாரித்தனம். இந்த இரட்டைத் தராசை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. படிப்பு பிள்ளைகளின் சொத்து, பெரியவர்களுக்கு அதில் பங்கில்லை என்று எந்த அறநூலும் எழுதி வைக்கவில்லை.

குடும்பஸ்தர் இசையில் மேற்படிப்புக்குப் போனதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் முழுப்பாடம் கேட்டவர். 1958இல் இசையியல் படிக்க அமெரிக்காவுக்குப் போனார். திரும்பி வந்து 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகித்தார். பிறகு மறுபடியும் அமெரிக்கா சென்று, ஐம்பதை நெருங்கும் வயதில், ராக ஆலாபனையை ஆராய்ந்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஏற்கெனவே ஊரறிந்த வித்வான், ஏற்கெனவே பேராசிரியர். இந்த வயதில் எதற்கு என்று அவரும் தன்னையே கேட்டிருக்கலாம். அவருடைய திறமை பெரிது. ஆனால் திறமை மட்டும் அவரை அங்கே நிறுத்தவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆய்வு மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கீழ் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வேலையும் அதற்கு மாதச் சம்பளமும் தரும் வழக்கம் உண்டு. அங்கேயும் எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. இசையில் முதுகலை படித்துப் பெருங்கடனில் விழுந்தவர்கள் அங்கேயும் ஏராளம். இருந்தாலும் படிப்பவருக்கும் வயிறு உண்டு, வாடகை உண்டு என்று அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

நம்முடைய ஏற்பாடு எதை ஒப்புக்கொள்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் இசையும் ஒரு பாடம். அதில் ஆய்வு நல்கை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அந்த நல்கைக்கு வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோருக்கு ஐந்து வருடத் தளர்வு. மாநில அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு இழுத்துவந்த பாராட்டத்தக்க திட்டங்கள். அவையும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. மத்தியக் கலாசார அமைச்சகம் நாற்பது வயது தாண்டிய கலைஞருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று இரண்டு வருடத்துக்கு மூத்த நல்கை தருகிறது. நாடு முழுக்க, எல்லாக் கலைகளுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு அதிகபட்சம் இருநூறு பேருக்கு; அதுவும் ஆய்வுக்கு, பட்டப் படிப்புக்கு அல்ல. வயது ஏற ஏறப் பொறுப்பு கூடுகிறது, உதவியோ குறைகிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் கதவு முதலில் சாத்தப்படுகிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இசையைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் பலர் இசையில் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரியில் சபேச ஐயர், தஞ்சாவூர் பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் என்று பட்டமில்லாத மேதைகளே பாடம் சொன்னார்கள். பின்னாளில் தண்டபாணி தேசிகர் வந்தார். அனுபவத்துக்கு அன்றைக்கு இருந்த மரியாதை அது. இன்றும் ஆசிரியர் நாற்காலிக்கு அந்த மரியாதை உண்டு: ஒரு துறையில் பதினைந்து வருட அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலே நடைமுறைப் பேராசிரியராக நியமிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதி வகுத்தது. அனுபவம் உள்ளவர் பாடம் நடத்தலாம். அதே அனுபவம் உள்ளவர் படிக்க வந்தால் இருபத்தொரு வயதுப் பையனுக்கு வைத்த அதே கால அட்டவணையில் உட்கார வேண்டும். பதினைந்து வருடம் கோயிலில் தேவாரம் பாடியவருக்கு அந்த அனுபவம் ஒரு பாடத்தைக்கூடக் குறைத்துத் தராது.

குருகுலம் இளமையைக் கேட்டது. குருவின் வீட்டில் பத்து வருடம் இருந்தால்தான் பாடம். அதுவும் சில சாதியாருக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு. கல்லூரி வந்ததும் அந்த வேலி தளர்ந்தது. யாரும் வரலாம் என்றானது. ஆனால் கல்லூரி பகலைக் கேட்கிறது. பகல் என்பது உழைப்பவரிடம் விற்பதற்கு இருக்கும் ஒரே பொருள். அதை ஏற்கெனவே தறிக்கூடத்துக்கோ கோழிப்பண்ணைக்கோ லாரி அலுவலகத்துக்கோ விற்றுவிட்டவருக்கு, சேர்க்கை எல்லாருக்கும் பொது என்ற அறிவிப்பு எதைத் தரும்?

இனித் தீர்ப்பு.

குடும்பப் பொறுப்போடு இசை மேற்படிப்புக்கு ஆசைப்படுவது குற்றம் அல்ல, பேராசையும் அல்ல. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை முழுதாக விடுவிக்கிறோம். ஆனால் அந்த ஆசையை நிறைவேற்ற எந்த வழியும் சரி என்று சொல்ல மாட்டோம். மனைவிக்குத் தெரியாமல் தாலிக்கொடி தவிர்த்த நகையையெல்லாம் அடகு வைத்து, அல்லது கணவனுக்குத் தெரியாமல் குழுக் கடனை எடுத்துப் படிப்பது தவறு. கலைக்காக என்று சொன்னாலும் தவறுதான். வாரவட்டிக்கும் கந்துவட்டிக்கும் பணம் வாங்கிப் படிப்பது தற்கொலைக்குச் சமம். பட்டம் வாங்கினால் அரசு வேலை என்று தன்னையும் குடும்பத்தையும் நம்பவைப்பது பொய். மேலே சொன்ன எண்பத்தாறு இடங்களை ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். படிப்பின் பயன் பாட்டு ஆழப்படுவது, பாடம் சொல்லும் தகுதி வளர்வது, தனி வகுப்புக்கு நாலு பிள்ளைகள் கூட வருவது. இதற்காகப் படிக்கலாம், படிக்க வேண்டும். சம்பளக் கணக்கை வீட்டில் எல்லார் முன்னும் விரித்து வைத்து, எத்தனை மாதத் தவணைக்குக் கையில் இருப்பு வேண்டும் என்று முடிவு செய்து, வேலையை விடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவில் தொடங்குவது அறம். மற்றது சூதாட்டம்.

குடும்பத்துக்கும் ஒரு சொல். பயப்படுவது உங்கள் உரிமை. ஏளனம் செய்வது உரிமை அல்ல. "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாதசுரக்காரர் வராவிட்டால் முகூர்த்தத்தைத் தள்ளி வைப்பார்கள். நோன்பியில் பம்பை அடிக்காவிட்டால் சாமி வரவில்லை என்பார்கள். பிறர் வாசிப்பைக் கேட்க ஆசைப்படும் சமூகம், வாசிப்பவர் வளர ஆசைப்படுவதைக் குறை சொல்லக் கூடாது.

பெருங்குற்றம் அரசின் மீதும் பல்கலைக்கழகங்கள் மீதும் இருக்கிறது. பகலை விற்றுப் பிழைக்கும் மக்களுக்குப் பகல் வகுப்பை மட்டும் வைத்தது, இரண்டு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரிகூட வைக்காதது, வயதைக் காரணம் காட்டி உதவியை நிறுத்தியது, பாட்டு டீச்சரை அரை நாள் கூலியாக வைத்துக்கொண்டே தகுதியை உயர்த்திக்கொள் என்று அறிவுரை சொல்வது: இவை நான்கும் அநீதி. சட்டத்துக்கு விரோதமில்லை என்பதால் இவை நியாயமாகிவிடாது.

இதைத் திருத்துவது கஷ்டமும் இல்லை. வேலை பார்ப்பவர்களும் சேரும்படி வார இறுதி மாலைகளில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சியைக் கலை பண்பாட்டுத் துறை ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது. கரகத்துக்கும் பறைக்கும் முடிந்தது, முதுகலை இசைக்கு ஏன் முடியாது? சேலம் மாவட்ட இசைப்பள்ளிக் கட்டடத்திலேயே, இசைப் பல்கலைக்கழகத்தின் மையமாக, சனி ஞாயிறு வகுப்போடு எம்.ஏ. தொடங்கலாம். நாமக்கல்லுக்கு ஒரு இசைப்பள்ளி தரலாம். இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடிக்க அனுமதிக்கலாம். பருவத்துக்கு ஒரு தாள், இரண்டு தாள் என்று எடுத்து, எடுத்த தாளுக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம். நேரில் வந்து தொடர்ந்து பயிற்சி எடுக்க வேண்டிய நாட்களை, முகூர்த்தம் பெரும்பாலும் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் வைக்கலாம். கல்யாணக் கச்சேரியை நம்பிப் பிழைப்பவருக்கு அந்த மாதங்களில் வருமானமும் குறைவு, நேரமும் அதிகம். ஆடியில் அம்மன் கோயில் வேலை இருப்பவர் மார்கழியில் வரட்டும். இசைக்காரர்களின் வருடம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிவதில்லை. தையில் தொடங்குகிறது, ஆடியில் ஓய்கிறது. படிப்புக்கான கால அட்டவணை போடுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மேடையிலும் கோயிலிலும் பள்ளியிலும் பத்து வருடம் பாடியவருக்கு, செய்முறைத் தேர்வு வைத்துப் பார்த்து, சில தாள்களிலிருந்து விலக்குத் தரலாம். பகுதிநேர இசை ஆசிரியர்கள் இந்தப் படிப்பில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கலாம். அதைவிட முதலில் அவர்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் தரலாம். வங்கிகள், வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்ற அளவில் சிறு கல்விக் கடனைக் குறைந்த வட்டியில் தர மாநில அரசு வட்டிப் பங்கை ஏற்கலாம். பெருங்கடன் வேண்டாம் என்றுதான் நாம் சொல்கிறோம். சிறு கடன் கிடைக்காததால்தான் மக்கள் வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

தரம் கெட்டுவிடும் என்று ஒரு மறுப்பு வரும். வார இறுதியில் வந்து போகிறவர் சாதகம் செய்வாரா, கற்பனை வளருமா என்று கேட்பார்கள். கேட்கத் தக்க கேள்விதான். இசைக்கு அன்றாடச் சாதகம் வேண்டும். அஞ்சல் வழியில் ராகம் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முழுநேர மாணவர் காலை நாலரை மணிக்கு எழுந்து அகாரம் பிடிக்கிறாரா என்று எந்தக் கல்லூரியும் போய்ப் பார்ப்பதில்லை. தேர்வு வைத்துத்தான் பார்க்கிறது. அந்தத் தேர்வைக் கண்டிப்பாக வைக்கட்டும். நுழைவிலும் கண்டிப்பு இருக்கட்டும், முடிவிலும் கண்டிப்பு இருக்கட்டும். நடுவில் வகுப்பு எந்தக் கிழமை என்பதில் தரம் தீர்மானமாவதில்லை. பத்து வருடம் தினமும் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லித் தந்தவரின் சுருதி ஞானத்தை, பள்ளி முடித்து நேராக வந்தவரின் வருகைப் பதிவேட்டைவிடக் கீழாக மதிப்பது எந்தத் தரம்?

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்குக்கூட ஆகாது. கட்டடம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக முதலமைச்சரே இருக்கிறார். ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறோம் என்ற வழக்கமான காரணத்தை இங்கே சொல்ல இடமில்லை. வேந்தர் நினைத்தால் அடுத்த கல்வி ஆண்டிலேயே சேலத்தில் வார இறுதி வகுப்பைத் தொடங்கலாம். சேலம், நாமக்கல் சட்டமன்ற உறுப்பினர்கள் கலை பண்பாட்டுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும். பகுதிநேர ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு படிப்புக் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும். அதுவரை, இந்த ஆசையோடு இருப்பவர்கள் வேலையை விட்டுவிட வேண்டாம், வட்டிக்கு வாங்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். வெட்கப்பட வேண்டியது, உங்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பைத் தர முடியாத அரசு.